ஸ்டெல்லாவின் டியூட்டி லீவு

இலங்கைக்கு அனுப்ப எங்கள் பல்கலைக்கழகத்தில் என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், என்னிடம் பாஸ்போர்ட் இருந்தது. போவதாக இருந்த பேராசிரியருக்குக் கடைசி நேரத்தில் மூட்டு வலி வந்துவிட்டது. எங்கள் நூலகத்தில் இரண்டு இரண்டாகக் கிடந்த தமிழ்ப் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார்கள். சப்பிரகமுவ மலைப்பக்கம் உள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அவற்றை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அங்கே சண்டை ஓய்ந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள்.

"போயிட்டு வாம்மா அமலி," என்றார் எங்கள் பிரிவுக் கண்காணிப்பாளர். "ஆனா நீ தொகுப்பூதியம். உனக்கு ஆன் டியூட்டி போட முடியாது. போற நாளுக்கெல்லாம் சம்பளம் பிடிச்சிருவாங்க, பாத்துக்க."

அதாவது பல்கலைக்கழகத்தின் புத்தகத்தை, பல்கலைக்கழகத்தின் வேலையாக, நான் லீவு போட்டுவிட்டுச் சுமந்துகொண்டு போக வேண்டும். சரி என்றேன். எனக்கு அங்கே வேறு ஒரு காரியமும் இருந்தது.

நான் பிறந்தது அந்த மலையில்தான், கஹவத்தைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் போட்டு இந்தியாவுக்கு அனுப்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்போது நான் சின்னப் பிள்ளை. என் சின்னம்மா குடும்பத்துக்கு அங்கேயே குடியுரிமை கிடைத்துவிட்டதால் அவர்கள் தங்கிவிட்டார்கள். சின்னம்மாவின் மகள் ஸ்டெல்லா என்னைவிடச் சில மாதங்கள் இளையவள். நான் புத்தகம் கொண்டுபோகும் நூலகத்தில்தான் அவளும் உதவியாளராக இருக்கிறாள். நான் திருச்சியில் நூலக உதவியாளர், அவள் அங்கே நூலக உதவியாளர். ஒரே வேலை. அவள் கல்யாணத்துக்குப் போகத்தான் பாஸ்போர்ட் எடுத்தேன். லீவு கிடைக்காமல் அது அப்படியே பீரோவில் கிடந்தது.

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் சனிக்கிழமை காலை மழையோடு இறங்கினேன். ஸ்டெல்லா எனக்கு முன்பே வந்து நின்றாள். கஞ்சி போட்டு இஸ்திரி செய்த பருத்திப் புடவை, கழுத்தில் நீல நாடாவில் தொங்கும் அடையாள அட்டை. போட்டோவில் பார்த்ததைவிடச் சதை போட்டிருந்தாள். கட்டிக்கொண்டு அழுதோம். அழுது முடிந்ததும் என் கண் அந்த அட்டைக்குப் போனது. என் அட்டையில் 'தற்காலிகம்' என்று குறுக்கே சிவப்பு முத்திரை குத்தியிருக்கும். அவளுடையதில் படமும் பெயரும் பதவியும் மட்டும்.

"இன்னைக்கு நூலகம் உண்டுல்ல? லீவு போட்டியா?" என்று கேட்டேன்.

"ஏன் லீவு போடணும்? டியூட்டி லீவு குடுத்திருக்காங்க அக்கா. புத்தகத்தப் பொறுப்பா கொண்டுட்டு வரணும்ல? பஸ் காசும் தருவாங்க."

அந்த வார்த்தையிலிருந்துதான் தொடங்கியது. ஒரே பெட்டிகள். ஒரு முனையில் தூக்கும் எனக்குச் சம்பளம் போகிறது. மறுமுனையில் பிடிக்கும் அவளுக்குச் சம்பளத்தோடு பஸ் காசும் வருகிறது.

பஸ் நிலையத்துக் கடையில் மீன் வைத்த பன் வாங்கித் தந்தாள். மாலு பான் என்கிறார்கள். முக்கோணமாக, உள்ளே மிளகும் உருளைக்கிழங்கும் மீனும். கூடவே பால் இல்லாத சாயத் தேநீர். எங்கள் ஊர் டீயில் பாலைத்தான் குடிக்கிறோம், தேயிலையை இங்கேதான் குடிக்கிறார்கள். கடைக்கு வெளியே ஒருவர் உள்ளங்கையில் சின்னக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து இன்னொருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நீலக் கல். மழைத் தண்ணீர் முகத்தில் வழிய இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரத்தினக் கல் வியாபாரத்துக்குப் பேர்போன அந்த ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கஹவத்தை பஸ்ஸில் ஏறினோம். பெட்டிகளைப் பின்பக்கம் சாமான் அடுக்கும் இடத்தில் போட்டார்கள். எங்களுக்குப் பின்னால் இரண்டு சிங்களப் பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு வந்தார்கள். ஸ்டெல்லா வாயைப் பொத்திச் சிரித்தாள். என்ன என்றேன்.

"நீங்க வெளிநாட்டுக்காரியாம். கல்லு வாங்க வந்திருக்கீங்களாம். அதுக்கு மத்தவ சொல்றா, கல்லு வாங்க வர்றவ இந்தச் செருப்பையா போட்டுட்டு வருவான்னு."

நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஸ்டெல்லா திரும்பி அவர்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி எனக்கு ஒரு ரம்புத்தான் பழத்தை நீட்டினாள்.

கஹவத்தையில் இறங்கிப் பார்த்தால் ஒரு பெட்டியைக் காணோம். நான் பஸ்ஸின் பின்பக்கம் மறுபடி மறுபடி குனிந்து தேடினேன். வரும் வழியில் பெல்மதுளையில் யாரோ மாவு மூட்டைகளை இறக்கினார்கள். அதோடு பெட்டியும் இறங்கியிருக்க வேண்டும். ஸ்டெல்லா பதறவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டாள், நேரம் குறிப்பவரின் அறைக்குப் போனாள், அங்கிருந்த தொலைபேசியில் சிங்களத்தில் படபடவென்று பேசினாள். ஒரு இடத்தில் குரல் உயர்ந்தது, அடுத்த இடத்தில் கொஞ்சியது. நான் மட்டும் வந்திருந்தால் அந்தப் பெட்டி போனது போனதுதான்.

த்ரீவீலர் பிடித்துத் திரும்பினோம். மாவு மூட்டைக்குரிய கடைக்காரர் பெட்டியை அரிசி மூட்டைகளுக்கு மேலே, ஒழுகாத மூலையாகப் பார்த்து ஏற்றி வைத்திருந்தார். ஒரு முனை கிழிந்து புத்தகம் தெரிந்தது. அவர் சொன்னதை ஸ்டெல்லா தமிழில் சொன்னாள்: "புத்தகம்னு தெரிஞ்சதும் ஒசரத்துல வெச்சேன். இது மழை ஊரு." இஞ்சி போட்ட தேநீரும் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும் தந்தார். எங்களிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

த்ரீவீலர்காரரிடம் ஸ்டெல்லா வாடகையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கு?"

"ஆஃபீஸ்ல குடுத்தா திருப்பித் தருவாங்க. நம்ம சொந்த வேலையா பாத்தோம்?"

நான் கருப்பட்டியை நறுக்கென்று கடித்தேன்.

"சிங்களம் நல்லா பேசுறியே," என்றேன், பேச்சை மாற்ற.

"பேச்சு சின்ன வயசுலருந்தே வரும். எழுத்துதான் வரல. ஆஃபீஸ்லயே வகுப்பு வெச்சாங்க. வேலை நேரத்துலயே. பாஸ் பண்ணா சம்பளம் கூடும்னாங்க, அப்பறம் விடுவனா?"

பேச்சை மாற்றினாலும் அது அங்கேயேதான் வந்து நின்றது.

ஸ்டெல்லாவின் வீடு தோட்டத்து எல்லையில், ரப்பர் மரங்களும் தேயிலையும் சந்திக்கிற இடத்தில் இருந்தது. தகரக் கூரை, சிவப்பு சிமெண்ட் தரை, இரண்டு அறை, தனிச் சமையலறை. பல்கலைக்கழகத்தில் வீட்டுக்கடன் வாங்கிக் கட்டியது. அவள் கணவர் சேவியர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதிகம் பேசாத மனிதர். நான் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வாங்க மதினி, பயணமெல்லாம் சொகமா?" என்றவர், பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு மறுபடி சமையலறைக்குப் போய்விட்டார். அன்று சமையல் அவர்தான். பிஞ்சுப் பலாக்காயைக் கறுப்பாக வதக்கி ஒரு கறி, நெத்தலிக் கருவாடு, பச்சரிசிச் சோறு. எங்கள் வீட்டில் என் கணவர் அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்று தெரியாதவர். அதற்கும் பொறாமைப்பட்டேன். பொறாமை ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் எதையும் விடுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் சின்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்று, இப்போது ஸ்டெல்லாவோடு இருக்கிறார். முதுகு வளைந்திருந்தது, நாக்கு வளையவில்லை. ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் தட்டில் போட்டுவிட்டு, எனக்கு எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன நாளு லீவு குடுத்தாங்க ஒனக்கு?"

சொன்னேன். சம்பளம் பிடிப்பார்கள் என்பதையும் சொன்னேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்பார்கள். காலையில் ஆட்களைக் கூட்டும் பிரட்டுக்களத்தில் பெயர் பதிந்தால்தான் அன்றைய கூலி.

"அப்ப இங்க இருக்குற நாளுக்கெல்லாம் ஒனக்குப் பேர் இல்லயா?"

"இல்ல சின்னம்மா."

"பெரிய படிப்பு படிச்சவ. காலேசுல வேல. பேர் இல்லயா?" அவரால் நம்ப முடியவில்லை. "ஈபிஎஃப் உண்டுதான?"

"கிடையாது."

"புள்ளக்காசு?"

பிள்ளை பெறுகிற மாதங்களுக்குத் தோட்டத்தில் கொடுக்கும் சம்பளத்தை அப்படிச் சொல்வார்கள். கொழுந்து பறித்த சின்னம்மாவுக்கு ஒவ்வொரு பிரசவத்துக்கும் அது கிடைத்திருக்கிறது. நான் என் மகளைப் பெறப்போனபோது எங்கள் பல்கலைக்கழகம் எனக்கு ஒன்றும் தரவில்லை. வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனதும் திரும்பிப் போனேன். இரக்கப்பட்டு எடுத்துக்கொண்டார்கள், ஆனால் புது ஆளாக. அதற்கு முன் உழைத்த வருடங்கள் எல்லாம் இல்லாமல் போயின. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எனக்கு முன்னால் போனார்கள்.

இதையெல்லாம் நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன். சமையலறை வாசலில் நின்ற ஸ்டெல்லா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

"ஒங்கம்மா கப்பலேறும்போது, இந்தியாவுல எல்லாம் கெடைக்கும்னா," என்றார் சின்னம்மா. குத்திக்காட்டும் தொனி இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் வலித்தது.

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்துக்குப் போனோம். பெல்மதுளைச் சந்தியில் ஊழியர்களுக்கென்று தனி பஸ் வந்து நின்றது. எல்லாருக்கும் இருக்கை. ஓட்டுநர் இறங்கிவந்து பெட்டிகளை ஏற்றிக்கொடுத்தார். எங்கள் ஊரில் பேராசிரியர்களின் கார் நிழலில் சைக்கிளை நிறுத்தினால் காவலாளி விரட்டுவார். மலை ஏற ஏறக் குளிர் காற்று வந்தது. ஒரு பக்கம் அருவிபோல் தண்ணீர் வழியும் பாறை, மறுபக்கம் வயல். எனக்கு எதுவும் ரசிக்கவில்லை. முன் இருக்கையில் இரண்டு குமாஸ்தாப் பெண்கள் தங்களுக்குள் பேசியதை ஸ்டெல்லா மொழிபெயர்த்தாள்: மருத்துவக் காப்பீட்டில் கண்ணாடி வாங்கலாமா, பல் கட்டலாமா என்று. எங்கள் பஸ்ஸிலும் பெண்கள் பேசுவார்கள். அடுத்த மாதம் நம்மை எடுப்பார்களா என்றுதான்.

நூலகம் புதுக் கட்டடம். நூலகர் அறுபதை நெருங்கும் சிங்களவர், வெள்ளை மீசை. எழுந்து நின்று என்னை வரவேற்றார். எங்கள் நூலகர் எனக்காக எழுந்து நான் பார்த்ததில்லை. பெட்டிகளை அவரே பிரித்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துத் தலைப்பை ஸ்டெல்லாவிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தமிழ்ப் பிள்ளைகள் இப்போது படிக்க வருகிறார்கள், அவர்களுக்கான புத்தகம் ஒரு அலமாரிகூட நிறையவில்லை என்று தனக்கு அடிக்கடி வருத்தம் என்றார். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். தேநீரும் கேக்கும் வந்தன. கொண்டுவந்து வைத்தவருக்கு அவர் நன்றி சொன்னார்.

பிறகு அவர் சொன்னார்: "நீங்கள் வந்தது நல்லதாயிற்று. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு நூலக ஊழியர்களுக்கு ஒரு கணினிப் பயிற்சி நடத்துகிறீர்கள் அல்லவா? மூன்று மாதம். இந்த முறை ஸ்டெல்லாவை அனுப்பலாம் என்று நினைக்கிறோம். சம்பளத்தோடு விடுவிப்போம், உதவித்தொகையும் கிடைக்கும். ஆனால் எங்களால் இந்த வருடம் ஒருவரைத்தான் விட முடியும். கொழும்பிலும் ஒரு பயிற்சி இருக்கிறது. உண்மையைச் சொல்லுங்கள், உங்களுடையது அவ்வளவு தூரம் அனுப்பும் அளவுக்கு உருப்படியானதா?"

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். எனக்குச் சொல்லவே இல்லை அவள்.

அந்தப் பயிற்சி எனக்குத் தெரியாதா? அதற்கு நாற்காலி போடுவது நான். பாடக் குறிப்புகளை நகலெடுத்து ஆளுக்கொரு கட்டாகத் தைத்து வைப்பது நான். நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான். நூலகவியலில் முதுகலை முடித்தவள். உட்காரலாமா என்று இரண்டு முறை கேட்டேன். நிரந்தர ஊழியர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் மட்டும்தான் என்றார்கள். நிரந்தர ஊழியர்கள் யாரும் வருவதில்லை. காலி நாற்காலிகளை நானே போட்டு, நானே மடக்கி வைப்பேன்.

'ஒன்றும் பிரமாதமில்லை சார், கொழும்பே போதும்' என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் முழுசாக என் வாயில் வந்து நின்றது. கேக்கை விழுங்கினேன். அவள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க, நான் தட்டோடு உள்ளே போவதை நினைத்துப் பார்த்தேன். 'டீ எடுத்துக்கோ ஸ்டெல்லா' என்று சொல்ல வேண்டும். வயிறு நிஜமாகவே எரிந்தது.

"நல்ல பயிற்சி சார்," என்றேன். "கொழும்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று தெரியாது. எங்களுடையதில் முதல் மாதம் கொஞ்சம் இழுக்கும். பிறகு முழு நூலகத்தையும் கணினியில் ஏற்றக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். தமிழ் எழுத்துகளை எப்படி ஏற்றுவது என்பதும் உண்டு. இந்தப் புத்தகங்களுக்கு அதுதான் தேவை."

"நீங்கள் அந்தப் பயிற்சி எடுத்தவரா?"

"இல்லை சார். கதவுக்கு வெளியே நின்று கேட்டவள்."

அவர் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மதியம் ஊழியர் உணவகத்தில் சிவப்பரிசிச் சோறும் பருப்பும் வல்லாரைச் சம்பலும் சாப்பிட்டோம். ஸ்டெல்லாவோடு வேலை செய்கிறவர்கள் வந்து வந்து என்னிடம் இந்தியப் புடவை விலை கேட்டார்கள். மாலை பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் ஏறும்போதுதான் ஸ்டெல்லா வாய் திறந்தாள்.

"சொல்லாம வெச்சிருந்தது தப்புதான் அக்கா. நேத்து நீங்க புள்ளக்காசு கதைய சொன்னப்ப, சொல்லலாம்னு வந்தேன். முடியல."

"உனக்கென்ன, எல்லாம் தானா வந்து மடியில விழுது," என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் மூன்று நாளாக உள்ளே கிடந்தது.

அவள் நின்றுவிட்டாள். குடையைத் தரையில் ஊன்றினாள்.

"தானா விழுதா? நானும் கேஷுவலாத்தான் சேந்தேன் தெரியுமா ஒங்களுக்கு? வருசக்கணக்கா கேஷுவல். அப்பறம் எல்லாருமா ஸ்ட்ரைக் பண்ணோம். மழையில ரோட்டுல குந்திக்கிட்டு இருந்தோம். சம்பளம் இல்ல. அவரு ஒருத்தரு காசுல சாப்ட்டோம். சிங்கள எழுத்துப் பரீட்சையில ரெண்டு தடவ ஃபெயில். ஆஃபீஸ்ல நான் மட்டுந்தான் தமிழ். ஒவ்வொரு தடவையும் அத்தன பேரு முன்னால ஃபெயில்னு போர்டுல ஒட்டுவாங்க. தானா விழுதாம்."

"எனக்குப் பொறாமையா இருக்கு ஸ்டெல்லா," என்றேன். வெளியே சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. "ஒன் ஐடி கார்டப் பாத்தாலே பொறாமையா இருக்கு. நீ த்ரீவீலர் சீட்டு வாங்குனப்ப அதுக்கும் பொறாமையா இருந்துச்சு. ஒனக்குக் கெடைக்கக் கூடாதுன்னு இல்ல. எனக்கு ஏன் இல்லைன்னு இருக்கு."

"நீங்க கப்பலேறினப்ப நான் ஒரு வாரம் சாப்புடல. நீங்க இந்தியாவுக்குப் போயி ராணி மாதிரி இருக்கீங்கன்னு நெனச்சு நெனச்சு எத்தன வருசம் வயிறெரிஞ்சேன் தெரியுமா? புதுச் சட்டையோட ஒரு போட்டோ அனுப்புனீங்களே, அதக் கிழிச்சே போட்டேன்."

"எந்தப் போட்டோ?"

"மஞ்சச் சட்ட."

அந்தச் சட்டை இரவல். ஸ்டுடியோக்காரர் வைத்திருந்தது. அதை அவளிடம் சொன்னேன். பிறகு இருவரும் மழை நனைத்த அந்தப் பாதையில் நின்று, மூச்சு முட்டச் சிரித்தோம். கொழுந்துக் கூடையோடு இறங்கிவந்த பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டு வாசலில் சின்னம்மா காத்திருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்து, "என்னங்கடி சண்ட?" என்றார். ஸ்டெல்லா எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

சின்னம்மா யோசித்தார். "எங்க காலத்துல லயத்துல யாரப் பாத்து யாரு பொறாமப்பட? எல்லாருக்கும் ஒரே கொழுந்துக் கூட, ஒரே காம்பரா வீடு. நம்ம குடும்பத்துல ஒருத்தியோட வேலயப் பாத்து இன்னொருத்தி வயிறெரியிற அளவுக்கு வந்திருக்கீங்க. எனக்குச் சந்தோசமாத்தான் இருக்கு." சொல்லிவிட்டு உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லாவும் சேவியரும் என்னை இரத்தினபுரியில் வழியனுப்பினார்கள். ஸ்டெல்லா போகலாமா வேண்டாமா என்று இன்னும் இழுத்துக்கொண்டிருந்தாள். சின்ன மகளை விட்டு மூன்று மாதம் எப்படி இருப்பது என்றாள். "புள்ளய நான் பாத்துக்குறேன், நீ தைரியமா போயிட்டு வா," என்றார் சேவியர். அந்தப் பயணம் முழுக்க அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். பஸ் கிளம்பும்போது ஸ்டெல்லா ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "நான் வரட்டுமா அக்கா? ஒங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னா சொல்லுங்க," என்றாள்.

"கஷ்டமாத்தான் இருக்கும். வா," என்றேன்.

வந்தாள். எங்கள் வீட்டிலேயே தங்கினாள். முதல் நாள் நான் டீ கொண்டுபோனபோது எழுந்து நின்று, ஒருங்கிணைப்பாளரிடம், "சார், இவங்க என் அக்கா. பின்னாடி நாற்காலி காலியா இருக்கே, உக்காரட்டுமே," என்றாள். வெளிநாட்டு விருந்தாளியிடம் முடியாது என்று சொல்ல அவர் கூச்சப்பட்டார். டீ நேரத்துக்கு மட்டும் எழுந்து போய்விட வேண்டும், சான்றிதழ் கேட்கக் கூடாது என்ற நிபந்தனையோடு சரி என்றார். நான் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மூன்று மாதம் முழுவதையும் கேட்டேன். கடைசி நாள் ஸ்டெல்லா மேடையேறிச் சான்றிதழ் வாங்கியபோது கைதட்டினேன். கை மனமாரத்தான் தட்டியது. வயிறும் தன் பாட்டுக்கு எரிந்தது.

அவள் ஊர் திரும்பிச் சில மாதம் கழித்து ஒரு மாலை தொலைபேசியில் கூப்பிட்டாள். பதவி உயர்வு வந்துவிட்டதாம். தமிழ்ப் பிரிவு முழுக்க இனி அவள் பொறுப்பாம்.

"எரியுதா அக்கா?" என்றாள்.

"நல்லா எரியுது."

"அணச்சிராதீங்க," என்றாள். "எங்க ஸ்ட்ரைக் அதுலதான் ஆரம்பிச்சது. பக்கத்து டிபார்ட்மெண்டுக்காரங்க நெரந்தரம் ஆனப்ப, அத வேடிக்க பாத்துட்டு நின்னோமே, அன்னைக்குத்தான்."

மறுநாள் எங்கள் நூலகத்திலும் ஆய்வுக்கூடங்களிலும் தொகுப்பூதியத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். சிலர் பயந்தார்கள். சிலர், உனக்கு என்ன திடீரென்று வந்தது என்றார்கள். பொறாமை என்றேன். அவர்களுக்குப் புரிந்தது. அந்த வாரக் கடைசியிலேயே சேர்ந்து ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். வழக்கு இன்னும் நடக்கிறது. மனுதாரர்களில் முதல் பெயர் என்னுடையது.